கோழியிடம் சொன்ன வசனம்

நான் ஓய்வு பெற்றபின் துறையில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இளம் பயிற்றுநர்த் தம்பி போன வாரம் போனில் அழைத்தார். குரலில் சோர்வு தெரிந்தது.

"சார், பசங்க செல்போன்ல ஏ.ஐ.கிட்ட கேட்டு அஞ்சு நிமிஷத்துல முழுத் திரைக்கதையையும் கொண்டுவந்து நீட்டுறாங்க. காட்சித் தலைப்பு, இடம், நேரம் எல்லாம் சரியா இருக்கு. என்ன குறை சொல்லித் திருப்பிக் கொடுக்கிறதுன்னே தெரியல."

"படிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். எல்லாரும் ரொம்ப நல்லாப் பேசுறாங்க."

"யார்கிட்ட பேசுறாங்க?" என்றேன்.

அவர் சிரித்தார். "இதத்தான் சார் நீங்க எழுதிக் கொடுக்கணும்" என்றார். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பெருமையடித்துக்கொள்ள ஒருவர் வலிய வந்து வாய்ப்புக் கொடுக்கும்போது அதை விடுகிற ஆள் நான் இல்லை.

நான் போடிக்காரன். கடைவீதியில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. மூத்த பிள்ளை கல்லாவில் உட்காருவான் என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தபோது சென்னைக்குப் போய் உதவி இயக்குநர் ஆனேன். கிளாப் அடித்தேன், கன்டினியூட்டி எழுதினேன், பிறர் கதைக்கு வசனம் எழுதினேன், திரையில் என் பெயர் வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதை விரித்துச் சொன்னால் அழுகை வந்துவிடும். இது அழுகிற கட்டுரை இல்லை. தலை நரைக்க ஆரம்பித்த வயதில் ஒரு பல்கலைக்கழகத்தின் காட்சித் தொடர்பியல் துறையில் திரைக்கதைப் பயிற்றுநர் வேலை கிடைத்தது. சொன்ன தேதியில் சம்பளம் வரும் என்பதே எனக்கு அப்போது அதிசயமாக இருந்தது.

துறைத் தலைவர் கிரேஸ் மேடம். பல்கலைக்கழகத்துக்கு வருமுன் வானொலியில் நாடகம் தயாரித்தவர். அதனாலோ என்னவோ, யார் எதைப் படித்தாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். புதிதாக வரும் மாணவர்கள், மேடம் தூங்குகிறார் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்துவார்கள். தூக்கம் இல்லை. பொய்யான வசனம் ஒன்று வந்ததும் அந்தக் கண் திறக்கும். திட்ட மாட்டார், முகம் சுளிக்க மாட்டார். திறந்த கண்ணால் படிப்பவரைப் பார்த்து, "யார்கிட்ட?" என்று மட்டும் கேட்பார். நானே பலமுறை அந்தக் கண்ணுக்கு முன்னால் வியர்த்திருக்கிறேன். சென்னையில் என்னை வாய்க்கு வந்தபடி ஏசிய இயக்குநர்களிடம்கூட அப்படி வியர்த்ததில்லை.

சினிமாவில் திரைக்கதைத் தாளை இரண்டாகப் பிரிப்போம். இடது பக்கம் பார்ப்பது, வலது பக்கம் பேசுவது. மேடம் நடுவில் மூன்றாவதாக ஒரு ஒல்லியான கட்டம் போட வைத்தார். அதன் தலைப்பு 'யாரிடம்'. ஒவ்வொரு வசனத்துக்கும் அந்தக் கட்டம் நிரம்ப வேண்டும். நிரம்பாத வசனம் வெட்டப்படும். ரேடியோவில் முகம் தெரியாது, ஆனாலும் கேட்கிறவனுக்கு இவன் மனைவியிடம் பேசுகிறானா, கடன்காரனிடம் பேசுகிறானா என்று குரலிலேயே தெரிய வேண்டும் என்பார். கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் கதாநாயகனுக்கு மூன்று பக்கம் வசனம் எழுதி, நடுக்கட்டத்தில் 'மக்களிடம்' என்று போட்டிருந்தான். மேடம் கண்ணைத் திறந்து, "எந்த வீட்டு மக்கள்? உள்ள வரச் சொல்லு, உக்காரட்டும்" என்றார். அந்த மூன்று பக்கமும் போயிற்று.

வருடத்துக்கு ஒரு பட்டறை நடத்துவோம். எப்போதும் ஆடி மாதம்தான், எப்போதும் கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும், உரிமையாளர் முகம் கொடுத்துப் பேசுவார். மாணவிகள் மணமகள் அறையில் தங்குவார்கள், மாணவர்கள் மணமகன் அறையில். மணமேடையில் வகுப்பு. சமையலுக்கு ஆள் உண்டு, பரிமாறுவது மாணவர்கள் முறை. பட்டறையின் கடைசி நாளில் எல்லாத் திரைக்கதைகளும் வாய்விட்டு வாசிக்கப்படும். அதில் ஒன்றைத் துறை தன் செலவில் குறும்படமாக எடுக்கும். எழுதியவரே இயக்குவார். தேர்வு செய்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் மேடம். மற்றவர் சென்னையிலிருந்து வரும் திரைக்கதை ஆலோசகர். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் படம்.

கம்பம் என்று சொன்னதுமே வெளியூர் மாணவர்களுக்குக் கை பரபரக்கும். முதல் நாளே எல்லார் கதையிலும் அரிவாள் முளைத்துவிடும். நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். அரிவாள் எழுதுகிறவன் அதை வைத்து முதலில் ஒரு குலை தேங்காயாவது வெட்டிக் காட்ட வேண்டும். வெட்டத் தெரியாதவன் கதையில் வெட்டக் கூடாது. பாதி ரத்தம் அதிலேயே நின்றுவிடும். மீதியை நிறுத்துவதற்கு எல்லாரையும் லோயர் கேம்ப் போகும் டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். போய்த் திரும்பி வருவதற்குள் காதில் விழுந்த ஒரு பேச்சை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதி வர வேண்டும். எழுதி வருவார்கள். 'மாமா வந்தாங்க, சொன்னாங்க, போனாங்க' என்று இருக்கும். அத்தனையிலும் கோடு போடுவேன். இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. வந்தாக, சொன்னாக, போனாக. கேட்டது ஒன்று, கை எழுதுவது இன்னொன்று. காதுக்கும் கைக்கும் நடுவே அவர்கள் பார்த்த படங்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை விரட்டத்தான் எனக்குச் சம்பளம்.

இத்தனையும் தேவைப்படாத ஒருத்தி ஒரு வருடம் வந்தாள். பெயர் முத்துச்செல்வி. காமயகவுண்டன்பட்டிக்காரி. அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். அவள் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே பட்டறை என்பதில் அவளுக்கு ஏகப்பட்ட வருத்தம். மற்றவர்கள் மலையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவள் மணமகள் அறை ஜன்னலைச் சாத்திவிட்டு எழுதினாள்.

அவளுக்கு அந்தப் படம் கிடைத்தே தீர வேண்டும். அதை அவள் என்னிடம் ஒளிக்கவில்லை. "அப்பா ஒரே ஒரு சான்ஸ் குடுத்துருக்காக சார். இந்தத் தடவ என் கதைய எடுத்தா சென்னைக்கு அனுப்பி வைக்கிறேன்னு சொல்லிட்டாக. எடுக்கலன்னா தேனியில பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங் சேந்துரணும். பீஸ் விசாரிச்சுட்டு வந்துட்டாக." வங்கி வேலை கெட்ட வேலை இல்லை. ஆனால் இவள் கணக்கில் புலி இல்லை, எழுத்தில் புலி. அந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தது.

அவள் திரைக்கதை சொந்த வீட்டுக் கதைதான், பெயர்களைக்கூட மாற்றவில்லை. ஒரே வீடு, நடுவில் சுவர். இந்தப் பக்கம் அம்மா ஈஸ்வரி, அந்தப் பக்கம் பெரியம்மா பாண்டியம்மாள். அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். வாசல் பொது, தண்ணீர்க் குழாய் பொது. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்படியென்றால் பேசுவதில்லை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். பொழுது விடிந்தால் அடைந்தால் பேச்சுத்தான், எல்லாம் ஜாடைப் பேச்சு. ஒருநாள் ஈஸ்வரியின் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது. யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது என்று இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் சண்டை போடுகிறார்கள். கடைசியில் ஒரே பஸ்ஸில் பிள்ளையை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு மூவரும் போகிறார்கள். கதை அவ்வளவுதான்.

நடுக்கட்டத்தைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அம்மா, கோழியிடம்: "ஏ கோழி, அங்கன போயி மேயாத. அது அவுக வாசல். கால ஒடிச்சு அனுப்புவாக."

பெரியம்மா, அண்டாவிடம்: "காலு ஒடிஞ்சு வந்ததுக்குக் கட்டுப் போட்டுத்தான் இங்கன பழக்கம். ஒடிச்சுப் பழக்கமில்ல."

அடுத்த பக்கத்தில் அடுப்பிடம், துவைகல்லிடம், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையிடம். ஓரகத்திகள் ஒருவரிடம் ஒருவர் பேசும் வசனம் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் பக்கத்தில் மட்டும் பழைய காட்சி ஒன்று வந்தது. திராட்சைத் தோட்டம் பாகம் பிரிந்த நாள். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அவள் பாகத்துப் பந்தலுக்கும் கம்பி கட்ட வேண்டும் என்று பேச்சு வருகிறது. அம்மா கம்பி கட்டுகிற ஆளிடம் சொல்கிறாள்: "காய்க்கிற பந்தலுக்குக் கட்டுனாப் போதும்ப்பா. காயாத பந்தலுக்கு எதுக்குக் கம்பி?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "இது நீயா எழுதுனதா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். அம்மா சொன்னது. நான் பக்கத்துல நின்னேன், சின்னப் பிள்ளையா. அன்னையிலிருந்துதான் பேச்சு நின்னுச்சு."

மேடத்துக்கு வாசித்துக் காட்டினோம். கோழி வந்தது, அண்டா வந்தது, துவைகல் வந்தது. கண் திறக்கவே இல்லை. உதட்டோரம் மட்டும் லேசாக விரிந்தது. முடிந்ததும் மூடிய கண்ணோடே, "கட்டம் சரியா நிரம்பியிருக்கு" என்றார். நான் பார்த்த வரையில் மேடம் ஒரு மாணவருக்குக் கொடுத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

சிக்கல் ஆலோசகரிடம் வந்தது. நல்ல மனிதர், அவசரக்காரர். வாசிப்புக்கு இரண்டு நாள் முன்பே வந்து எல்லாவற்றையும் கேட்டார். செல்வியின் கதையில் அம்மாவாகவும் பெரியம்மாவாகவும் வகுப்பு மாணவிகள் இருவர் வாசித்தார்கள். ஒருத்தி சென்னை, ஒருத்தி சேலம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். அதுதான் தப்பாகப் போனது. கோழியிடம் சொல்ல வேண்டியதை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, கண்ணை உருட்டிச் சொன்னார்கள். ஜாடை செத்துப்போய்க் குழாயடிச் சண்டை ஆகிவிட்டது.

"இதுல டிராமா எங்க இருக்கு?" என்றார் ஆலோசகர். "கோழி திருப்பிப் பேசுமா? ரெண்டு பேரும் நேருக்கு நேர் நின்னு வெடிக்கணும்மா. ஒரே ஒரு சீன் வை. அழுது, கத்தி, கட்டிப் பிடிச்சுக்கட்டும். வச்சுட்டா நான் கையெழுத்துப் போடுறேன்."

கையெழுத்து என்ற சொல் அவளுக்குச் சென்னை என்று கேட்டிருக்கும். எழுதிவிட்டாள். நேருக்கு நேர் காட்சி, இரண்டு பக்கம், கண்ணீர் ததும்ப. மறுநாள் காலை மேடத்திடம் வாசித்தாள். இரண்டாவது வரியிலேயே கண் திறந்தது.

"யார்கிட்ட?"

"பெரியம்மாகிட்ட மேடம். நேரா."

"அவுங்க நேரா பேசுவாங்களா?"

செல்வி தாளைப் பார்த்தாள். "செத்தாலும் பேச மாட்டாக மேடம்."

"அப்ப இத எழுதினது யாருக்காக?"

அவள் இரண்டு பக்கத்தையும் அங்கேயே கிழித்தாள். கிழித்துவிட்டு மணமேடைப் படியில் உட்கார்ந்து அழுதாள். அந்தக் காட்சியை வைத்தால் ஆலோசகர் கையெழுத்து, எடுத்தால் மேடம் கையெழுத்து. இரண்டும் சேர்ந்தால்தான் படம். எனக்கும் வழி தெரியவில்லை. ஆறுதல் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது, கோபப்படும் பழக்கம்தான் உண்டு. "அழுது என்ன ஆகப்போகுது? கதையில ஒரு குறையும் இல்ல. படிச்ச வாய்தான் சரியில்ல. இதச் சரியாப் பேச உங்க ஊர்ல ஆளே இல்லையா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். "பேசுறவுகளே இருக்காக சார்" என்றாள்.

வாசிப்பவர் மாணவராக இருக்க வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அன்று மதியமே அவள் டவுன் பஸ் பிடித்து ஊருக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது முகத்தில் கள்ளச் சிரிப்பு இருந்தது. முதலில் பெரியம்மாவிடம் கேட்டாளாம். பத்தாவது வரை படித்தவர், "ஏத்தா, உனக்குன்னா நான் மாட்டேங்கப் போறேனா?" என்று உடனே சம்மதித்துவிட்டார். சேதி சுவர் தாண்டியது. இந்தப் பக்கம் அம்மா அண்டாவைக் கழுவிக்கொண்டே அதனிடம் சொன்னாராம்: "யாரோ மைக்குல படிக்கப் போறாகளாம். பெத்தவ இங்கன குத்துக்கல்லாட்டம் இருக்கைல."

"ரெண்டு பேருமே வாராக சார்" என்றாள்.

"அம்மா முழுசாப் படிச்சுட்டாகளா? மூணாம் பக்கத்தையும்?"

"படிச்சாக. என்னய ஒண்ணும் கேக்கல. அடுப்பப் பாத்து, என்னயத்தான் ஜாடையா, 'எல்லாம் ஞாபகம் வச்சிருக்காக போல'ன்னு மட்டும் சொன்னாக."

மறுநாள் ஒரே பஸ்ஸில் வந்து தனித்தனியாக இறங்கினார்கள். பெரியம்மா பெரிய கண்ணாடி போட்ட, கட்டைக் குரல்காரர். அம்மா சிறுகூடான ஆள், ஆனால் நடை விறைப்பு. மேடையில் இரண்டு நாற்காலி போட்டிருந்தோம். இருவரும் உட்காரும் முன் தங்கள் நாற்காலியை ஆளுக்குக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நடுவில் ஒற்றை மைக்.

அம்மா தொடங்கினார். "ஏ கோழி" என்று அவர் சொன்ன மாத்திரத்தில் மண்டபத்தில் ஒரு கோழி நடந்தது. அவர் பார்வை தரையில் அதன் பின்னாலேயே போயிற்று. பெரியம்மா எதிர்ச்சுவரைப் பார்த்தபடி அண்டாவுக்குப் பதில் சொன்னார். ஒரு வசனம் முடியுமுன் அடுத்தது விழுந்தது, ஆனால் ஒருமுறைகூட முகம் முகத்தைப் பார்க்கவில்லை. எத்தனையோ வருடப் பயிற்சி. மாணவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. ஆலோசகர் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். மேடம் கண்ணை மூடியிருந்தார்.

மூன்றாம் பக்கம் வந்தது. நான் பிரதியில் விரல் வைத்துத் தொடர்ந்துகொண்டிருந்தேன். பந்தல், பாகம், கம்பி கட்டுகிற ஆள். அடுத்த வரி அம்மாவுடையது. அவர் தாளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மண்டபத்துக் காற்றாடிச் சத்தம் கேட்டது. பெரியம்மா சுவரைப் பார்த்தபடியே காத்திருந்தார். அம்மா பக்கத்தைத் திருப்பி, அடுத்த காட்சியின் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஒரு வரி விடுபட்டது எனக்கும் செல்விக்கும் மட்டும்தான் தெரிந்தது என்று நினைத்தேன்.

கடைசிக் காட்சி முடிந்தது. வாசிப்பு முடிந்ததென்று சொல்ல நான் எழுந்தேன். அதற்குள் பெரியம்மா தாளை மடித்துக்கொண்டே மைக்கைப் பார்த்து, "ஏ மைக்கே, உனக்கு நல்ல யோகந்தான். குரல் இருக்கவுகளெல்லாம் உன்கிட்டதான் வாராக" என்றார்.

"குரல் என்ன குரல், மைக்கே. கண்ணாடி போட்டு எழுத்து எழுத்தாப் படிச்சவுகளுக்குத்தான் எல்லாப் பேரும்" என்றார் அம்மா, அதே மைக்கிடம்.

ஆலோசகர் பரபரப்பாகப் பக்கங்களைப் புரட்டி, "இது எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அந்த நிமிடம் கிடைத்த சந்தோஷத்துக்கு ஈடாக ஒன்றையும் சொல்ல முடியாது. "எழுதல சார். அவுங்க வழக்கமாப் பேசுறதுதான்" என்றேன். அவர் தாளை மூடி வைத்தார். பிறகு செல்வியைக் கூப்பிட்டார்.

"நான் சொன்ன சீனை வைக்காத. வச்சா படம் கெட்டுடும். அந்த மூணாம் பக்கத்துல ஒரு மௌனம் எழுதியிருக்க பாரு, அதுக்கே நான் கையெழுத்துப் போடுறேன்."

மௌனத்தை அவள் எழுதவில்லை என்று நான் சொல்லவில்லை. மேடம் கண்ணைத் திறந்து பேனாவை எடுத்தார். கேள்வி ஏதும் கேட்கவில்லை. மண்டபம் அதிர மாணவர்கள் கைதட்டினார்கள். வாசித்துத் தோற்ற சென்னைப் பெண்ணும் சேலத்துப் பெண்ணும்தான் முதலில் ஓடிப் போய்ச் செல்வியைக் கட்டிக்கொண்டார்கள். படத்தை அந்த வருடமே எடுத்தோம். செல்வி சென்னைக்குப் போனாள். இன்று பிறர் படங்களுக்கு வசனம் எழுதுகிறாள், பெயரும் வருகிறது. என் வாழ்நாளில் எனக்கு வராததை ஒரு ஆடி மாதத்தில் ஒருத்திக்கு வரவைத்தோம் என்று நான் யாரிடம் வேண்டுமானாலும் மார் தட்டிச் சொல்வேன்.

ஆனால் அந்த வெற்றி என் கண்ணில் கையெழுத்தோடு முடியவில்லை. மதியப் பந்தியில்தான் முடிந்தது. இரண்டு பெண்களும் நடுவில் ஒரு இலை காலியாக விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்று பரிமாறும் முறை செல்வியுடையது. சாம்பார் வாளியோடு அவர்களுக்கு எதிரே வந்து நின்றாள். பெரியம்மா இலையைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"ஈஸ்வரி, மூணாம் பக்கத்துல ஒரு வரிய விட்டுட்ட."

அம்மாவுக்குச் சோறு பிசைந்த கை நின்றுவிட்டது. நிமிர்ந்து பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"விடலக்கா. அன்னைக்குச் சொன்னதே போதும். இன்னொரு தடவ அதச் சொல்ல எனக்கு வாய் வரல."

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"புள்ள எழுதியிருக்கா. படத்துல அந்த வரி வேணுமாம். நீ சொல்லு, நான் கேட்டுக்கிறேன்" என்றார்.